திருப்பிக் கொடுக்காத மனந்திரும்புதல்

நத்தார் நெருங்கும்போது தோட்டங்களுக்கும் குடியேற்றக் கிராமங்களுக்கும் வாகனங்கள் வரும். அரிசி, மா, சீனி, பிள்ளைகளுக்குக் கொப்பி, பெண்களுக்குச் சேலை. பெயர் வாசிப்பார்கள். மக்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். படம் எடுப்பார்கள். ஒரு ஜெபத்தோடு எல்லாம் முடியும். இதைக் குறை சொல்ல நான் எழுத வரவில்லை. பசித்திருப்பவனுக்கு முதலில் வேண்டியது சோறு. அதைக் கொண்டுவந்து கொடுத்த கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பார்.

ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் வவுனியாவுக்கு அப்பால் உள்ள ஒரு குடியேற்றத்தில், அப்படியொரு பங்கீடு முடிந்த பின், ஒரு வயோதிபத் தாய் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவர் 1977இல் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவர். பொதியை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “ஐயா, அரிசி குடுத்தீங்க, சேல குடுத்தீங்க, ரொம்ப சந்தோசம். எங்க லயத்துக்கு நெருப்பு வச்சாங்களே, அவங்கள்ல ஒருத்தராவது வந்து, தப்பு செஞ்சிட்டோம் ஆயான்னு சொன்னாங்களா? நான் சாகிறதுக்குள்ள யாராச்சும் சொல்லுவாங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தாய் இப்போது உயிரோடில்லை. அவரிடம் சொல்லவேண்டியதை யாரும் சொல்லாமலே அவரை அடக்கம் செய்தோம்.

இரக்கமும் மனந்திரும்புதலும்

இரக்கம் என்பது உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. மனந்திரும்புதல் என்பது எடுத்தவன் பறிகொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பது. இரண்டும் வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. அயலவனின் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டு, தினமும் ஒரு போத்தல் பால் அவன் வீட்டுக்கு அனுப்புகிறவனைக் கொடைவள்ளல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

லூக்கா சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவை எண்ணிப் பாருங்கள். அவன் ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன். இயேசு அவன் வீட்டுக்குள் வந்ததும் அவன் இரண்டு காரியங்களை அறிவிக்கிறான். தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னது ஒன்று. அநியாயமாய் வாங்கியதை நாலுமடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது மற்றொன்று. முதலாவது இரக்கம், இரண்டாவது மனந்திரும்புதல். பாதியைக் கொடுத்துவிட்டேன், பழைய கணக்கு தீர்ந்தது என்று அவன் சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அவனை மரத்தைவிட்டுச் சீக்கிரமாய் இறங்கும்படி ஆண்டவர் சொன்னார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது அன்றைக்கே. அந்தக் கதையில் நாளை என்ற பேச்சே இல்லை.

எம்மிடமிருந்து எடுக்கப்பட்டது

இதை வாசிக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எமது பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். யாரும் லயத்துக்கு வந்து, உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடவில்லை.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்குப் போயின. ஆனால் அந்த மண்ணில் தேயிலையையும் இறப்பரையும் நட்டு வளர்த்தவனுக்கு அதில் ஒரு துண்டும் இல்லை. பல தோட்டங்களிலிருந்து எம்மவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினியால் மனிதர் செத்தார்கள். பின்பு 1977 ஓகஸ்ட் வந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பெல்மதுளை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன. 1983 யூலையைப் பற்றி எழுதவே வேண்டாம்.

இப்படித்தான் பால்வெட்டும் கத்தியும் கொழுந்துக் கூடையும் பிடித்த கைகள் வன்னியில் மண்வெட்டி பிடித்தன. டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் பல குடும்பங்களைக் குடியேற்றியது. காட்டை வெட்டிக் கிணறு தோண்டி எம்மவர்கள் கமக்காரர் ஆனார்கள். இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு டொலர் பாம், கென்ற் பாம் குடும்பங்களும் விரட்டப்பட்டன. அதன் பின் அங்கே கொண்டுவந்து இருத்தப்பட்ட சிங்களக் கைதிகளும் அவர்களின் குடும்பங்களும் அந்த ஆண்டு நவம்பரில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அந்த இரத்தத்தையும் மறைத்து மனந்திரும்புதல் பற்றிப் பேச முடியாது. பிறகு தொண்ணூறுகளில் ஓட்டம், 2009இல் இன்னோர் ஓட்டம். சிலர் மூன்று தடவை, நான்கு தடவை வீட்டுக்கு முளை நட்டவர்கள்.

லயத்துக்கு நெருப்பு வைத்தவர்களில் பலரும் ஏழைகளே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவரின் காட்டையும் சேனையையும் முடியின் சொத்தாக்கித் தோட்டங்களுக்கு வழிவிட்டது. அவர்கள் இழந்த காணியை எடுத்தவன் வேறொருவன், அடி வாங்கியவர்கள் நாங்கள். இதைச் சொல்வது குற்றத்தை மறைக்க அல்ல. ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்தி வைத்தவர்கள் இரண்டு பேருக்கும் கடன்பட்டவர்கள் என்பதை மறக்காமல் இருப்பதற்காக.

தாமதிக்காத ஒரு மனிதர்

மனந்திரும்புதல் நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஒரு மனிதரைக் காட்டுகிறேன். அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் பேராயராக 1962 முதல் பணிபுரிந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க ஒரு சிங்களவர், செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவர், குடியியல் உரிமைகள் இயக்கத்தில் முன்னின்றவர். 1983 யூலையில் அவர் நாட்டில் இருக்கவில்லை. திரும்பி வந்ததும், உடல்நலம் குன்றியிருந்தும், துன்பப்பட்ட தமிழ் மக்களிடம் போனார். செப்டெம்பரில் தம் ஆதீனத்துக்கு ஆற்றிய உரையில், பாதுகாப்பற்ற தமிழருக்குச் சிங்களவர் செய்ததை எந்த நியாயத்தாலும் சரிப்படுத்த முடியாது என்றும், நாம் வெட்கப்பட்டு அதை ஒப்புக்கொள்ளவேண்டும் என்றும் தம் சொந்த இனத்தாருக்குச் சொன்னார்.

அவர் யாரையும் அடிக்கவில்லை. எந்த வீட்டுக்கும் தீ வைக்கவில்லை. ஆனாலும் ‘அவர்கள்’ என்று சொல்லாமல் ‘நாம்’ என்று சொன்னார். தன் முன்னோரின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்ட நெகேமியாவின் வழி அது. 1983 ஒக்டோபர் 23ஆம் திகதி, 56ஆவது வயதில், அவர் காலமானார். அடுத்த ஆண்டு பார்க்கலாம், நாடு அமைதியாகட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்த வார்த்தை சொல்லப்படாமலே போயிருக்கும்.

இதன் பக்கத்தில் நாட்டை வைத்துப் பாருங்கள். 1981 முதல் 1984 வரை நடந்த இன வன்செயல்களை ஆராய 2001இல்தான் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2004 யூலையில்தான் அரசின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குள் 21 ஆண்டுகள் ஓடிவிட்டன. மன்னிப்பைக் கேட்கவேண்டிய காதுகள் எத்தனையோ அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டன. பேராயர் ஒருசில வாரங்களில் செய்ததை அரசு செய்ய ஒரு தலைமுறை எடுத்தது.

மனந்திரும்புதலின் அவசரம் என்று பிரசங்கத்தில் சொல்லும்போது, நான் சாவதற்கு முன் மனந்திரும்பவேண்டும் என்றே நினைக்கிறோம். அது பாதிதான். நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேனோ அவர் சாவதற்கு முன் திரும்பவேண்டும். கல்லறையில் பூ வைத்துக் கடன் அடைக்க முடியாது.

திருச்சபையின் கணக்கு

பிறரைக் கேட்கிற நாம் எம்மையும் கேட்கவேண்டும். எமது தோட்ட மக்களிடையே ஊழியம் செய்ய 1854இல் தொடங்கிய மிஷனுக்கு ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே பெயர் வைத்தார்கள். கிறிஸ்துவின் பெயரால் வந்தவர்களே எம்மைக் கூலி என்று அழைத்தார்கள். அதற்குத் தோட்டத்துரைமாரும் பண உதவி செய்தார்கள். துரையின் கையால் உதவி பெற்ற ஊழியத்துக்குத் துரையைப் பார்த்துப் பேச எளிதில் வாய் வராது. எழுத்தறிவும் நற்செய்தியும் கொண்டுவந்ததற்கு நன்றி சொல்வோம். பேசவேண்டிய இடத்தில் பேசாததற்கு வருந்துவோம்.

நல்ல அடையாளங்களும் உண்டு. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கித் தோட்ட மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தார். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, எமது முன்னோர் நடந்த வழியே நடந்த நடைபவனியைக் கிறிஸ்தவ சபைகளும் முன்னின்று நடத்தின. நடந்தது நல்லது. நடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் காணி எங்கே என்பது அடுத்த கேள்வி. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது. காணியுரிமை தரவில்லை. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தபோது, புளத்கொஹுப்பிட்டியவில் தோட்ட லயங்களையும் மண் மூடியது. பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டச் சொந்தத் துண்டு இல்லாதவன் சரிவின் அடியிலேயே படுத்துக்கொள்கிறான்.

வடக்கிலும் எம்மவர்களுக்குக் கடன்பட்டவர்கள் உண்டு. ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்ன வாய்கள் சிங்களம் பேசியவை அல்ல. கிளிநொச்சியில் பிறருக்கு உரிய மத்திய வகுப்புத் திட்டக் காணிகளில் பல ஆண்டுகளாக உழைத்து வாழ்ந்த பன்னங்கண்டி மக்கள் காணியுரிமை கேட்டு 2017இல் போராட வேண்டியிருந்தது. காணிக்குச் சொந்தக்காரராய் ஆலயத்தில் அமர்ந்திருப்பவர் யாரேனும் இருந்தால், சகேயுவின் வீட்டு வாசல் அவருக்கும் திறந்திருக்கிறது.

இனி, எம் வீட்டுக்குள் பார்ப்போம். முதலில் வந்து இரண்டு ஏக்கர் திருத்தியவர், பின்னால் வந்த குடும்பத்தை நாட்கூலிக்கு வைத்து அரைக்கூலி கொடுக்கவில்லையா? ஒரே லயத்தில் பிறந்தவர்கள் இங்கே வந்தும் சாதி பார்த்துக் கிணற்றைப் பிரிக்கவில்லையா? பிள்ளையின் கொப்பிக் காசு கசிப்புக்குப் போகவில்லையா? நிவாரணம் வாங்குகிறவனுக்கும் திருப்பிக் கொடுக்கவேண்டிய கணக்கு உண்டு. ஏழை என்பதால் ஆண்டவர் எம்மை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடவில்லை. மனிதராக மதிக்கிறபடியால்தான் எம்மையும் கேட்கிறார்.

இந்த ஆண்டிலேயே செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை நான் கேட்கவில்லை. சிங்கள சபைகளும் தமிழ்ச் சபைகளும் யூலையில் ஒரு ஞாயிறு சேர்ந்து நின்று, நடந்ததை இரண்டு மொழியிலும் பெயர் சொல்லி அறிக்கையிடட்டும். சப்ரகமுவையிலிருந்து விரட்டப்பட்டவர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு சபையும் பட்டியல் எடுத்து, அவர்களின் கதையை அவர்கள் வாயாலேயே எழுதி வைக்கட்டும். பிறப்புச் சான்றிதழும் காணி அனுமதிப் பத்திரமும் இல்லாத குடும்பங்களோடு சபையிலுள்ள படித்த இளைஞர் ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போகட்டும். தரிசாய்க் கிடக்கும் ஆலயக் காணிகளைச் சபைகள் கணக்குப் பார்க்கட்டும். நாமோ, பின்னால் வந்த குடும்பத்துக்குக் குறைத்துக் கொடுத்த கூலியை இந்தப் போகத்திலேயே திருப்பிக் கொடுப்போம்.

அரிசிப் பொதி வரட்டும். அதைக் கொண்டுவருகிறவர் ஒரு நிமிடம் பாயில் உட்கார்ந்து, “ஆயா, உங்களுக்குச் செய்தது தப்பு” என்றும் சொல்லட்டும். அந்த வார்த்தையைக் கேட்கவேண்டிய சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அடுத்த நத்தார் வரை எல்லோரும் இருப்பார்கள் என்று யாரால் சொல்லமுடியும்?