தனித்தாயும் பள்ளிக் கட்டணமும்

ஜூன் மாதம் பிறக்குமுன்னரே தனியார் பள்ளிக் கட்டணத்தை எண்ணிக் கம்மலையும் வளையலையும் அடகு வைக்கும் தாய்மார்களுள், கணவனை இழந்தோ பிரிந்தோ தம் ஊதியம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு குடும்பத்தை நடத்துகிறவர்களின் கஷ்டம் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினரின் குழந்தைகளுக்கென ஒதுக்கியது மகத்தான காரியமே. ஆயினும், தமிழகத்தில் நலிந்த பிரிவினர்க்கு விதிக்கப்பட்ட ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாயாதலால், மாதம் 17,000 ரூபாய் ஈட்டி, வாடகையும் வைத்தியச் செலவும் அதிலேயே தாங்கும் தனித்தாய் அவ்வரம்பைத் தாண்டியவளாகிவிடுகிறாள். இடம் பெற்ற குழந்தைக்கும் எட்டாம் வகுப்போடு கட்டணச் சலுகை முடிந்து, ஒன்பதாம் வகுப்பின் முழுக் கட்டணமும் தாயின் தலையில் விழுகிறது.

ஆகவே, ஒற்றைப் பெற்றோர்க்கு வருமான வரம்பை உயர்த்துவதும், சலுகையைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டிப்பதும் அரசாங்கத்தின் கடமை; கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகையை மாதத் தவணையாக ஏற்பதும், பாக்கிக்காகக் குழந்தையைப் பலர் முன் நிறுத்தி அவமதியாதிருப்பதும் பள்ளி நிர்வாகிகளின் கடமை. எத்தாயும் கடன்படாமல் நம்பிக்கையோடு நாடும் ஸ்திதிக்கு அரசுப் பள்ளிகளை உயர்த்துவதே நிரந்தரப் பரிகாரமாகும்.