ஹெர்மெஸுக்கு முன் ஒரு கணக்கு

ஏப்ரல் பிறந்தால் மட்டக்களப்புக் கடல் தெளியத் தொடங்கும். பெங்களூரின் நீச்சல்குளங்களில் நம்மிடம் பயின்றவர்கள் "சார், இந்த சீசன்ல ஹெர்மெஸ் போகலாமா?" என்று கேட்கத் தொடங்குவதும் அப்போதுதான். 40 மீட்டர் சான்றிதழோடு ஒற்றைச் சிலிண்டர் காற்றை மட்டும் நம்பி வருபவரை அங்கே அழைத்துப் போகக் கூடாது. பயிற்சியாளர்கள் எல்லோரும் இந்த ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் எச்.எம்.எஸ். ஹெர்மெஸ். ஜப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையால் திருகோணமலையை விட்டு வெளியேறிய அக்கப்பலை, 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. எதிர்த்துப் பறக்க அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் மாண்டனர். இன்று அதன் மிக மேலான பகுதியே ஏறத்தாழ 42 மீட்டரில் இருக்கிறது. கடல்தரை 53 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை முடிந்த பிறகுதான் கப்பலே தொடங்குகிறது.

காற்றுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 53 மீட்டரில் அழுத்தம் 6.3 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 126 லிட்டர் வேண்டும். 200 பார் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டரில் இருப்பது 2,200 லிட்டர். கூட்டாளியின் காற்று தீர்ந்து, பதற்றத்தில் இருவரும் தலா 30 லிட்டர் வீதம் இழுத்தால், அடியில் 1 நிமிடத்துக்கும் மேலேறும் 6 நிமிடத்துக்கும் மட்டுமே ஏறத்தாழ 1,700 லிட்டர் ஒதுக்க வேண்டும். இறங்கும்போது 220 லிட்டர் போய்விடும். மிஞ்சுவதில் கப்பலைப் பார்க்கக் கிடைப்பது 2 நிமிடம். இதில் டிகம்ப்ரெஷன் நிறுத்தம் ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை.

காற்று போதுமான அளவு இருந்தாலும் ஆபத்து தீராது. சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது என்பது இன்றைய பரிந்துரை. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்று 7.5 கிராமைத் தாண்டும். கரியமிலவாயு உடலில் தேங்கும். நைட்ரஜன் மயக்கம் கூடும். மீட்டரை இரண்டு முறை பார்த்தும் முள் எங்கே நின்றது என்பது நினைவில் நிற்காது. 18 சதவீத ஆக்சிஜனும் 45 சதவீத ஹீலியமும் சேர்ந்த ட்ரைமிக்ஸ் அடர்த்தியை 5 கிராம் அளவுக்கு இறக்கும். அதோடு இரட்டைச் சிலிண்டர் அல்லது ரீப்ரீதர், டிகம்ப்ரெஷன் வாயு, அவற்றுக்கான பயிற்சி ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் ஹெர்மெஸ்.

வந்து கேட்கும் மாணவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அதே நாளில், அதே தாக்குதலில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜன்ட், மட்டக்களப்புப் பக்கமே ஏறத்தாழ 24 மீட்டரில் கிடக்கிறது. அந்த நாளின் வரலாற்றை அங்கேயே நிதானமாகக் கற்றுக்கொடுக்கலாம்.

பெங்களூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டைவுக்குப் பின் விமானம் ஏறுவதற்கான விதிகள் 600 மீட்டரிலிருந்தே பொருந்தும். சாலை வழியாக ஏறினாலும் அவைதான். பல நாள் டைவுகளுக்குப் பின் 18 மணி நேர இடைவெளி வேண்டும். டிகம்ப்ரெஷன் டைவ் என்றால் 24 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஞாயிறு மதியம் நேத்ராணியில் டைவ் முடித்து, இரவுப் பேருந்தில் மலையேறித் திங்கள் காலை அலுவலகம் போகும் வழக்கத்தையும் இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

ஹெர்மெஸ் பலருக்குக் கல்லறையும்கூட. மலேசியக் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்களை இரும்புக்காகச் சூறையாடியதை உலகம் பார்த்தது. ஹெர்மெஸிலிருந்து ஒரு தோட்டாவைக்கூட எடுக்கக் கூடாது என்பதைப் படகிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த சீசனில் ஒவ்வொரு பயிற்சியாளரும், ஹெர்மெஸ் கேட்டு வரும் மாணவரின் கையிலேயே தாளும் பேனாவும் கொடுத்து மேற்சொன்ன கணக்கைப் போடச் சொல்லுங்கள். விடை 2 நிமிடம் என்று வந்தால், பிரிட்டிஷ் சார்ஜன்டுக்குப் பதிவு செய்யுங்கள்.