குழந்தைகளிடம் துயரத்தை மறைப்பதோ?

"அப்பா வெளிநாடு போயிருக்கிறார்." நமது வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளுக்கு இதனினும் அதிகமாகச் சொல்லப்பட்ட பொய் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. சொன்னவர்களைக் குறைகூறும் எண்ணம் நமக்கில்லை. தாய்மார் அன்பினாற் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளின் முகம் வாடக் காணப்பொறாது பாட்டன்மார் சொன்னார்கள். ஆயினும் பொய் பொய்யே. அதனைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒருநாள் உண்மையை அயல்வீட்டார் வாயிலாகவோ, பாடசாலையிற் சண்டையிட்ட தோழன் வாயிலாகவோ அறிகின்றது. தந்தையை இழந்த பிள்ளை அன்று தாயின் சொல்லில் வைத்த நம்பிக்கையையும் இழக்கின்றது.

அரசியல் பேசும் ஏட்டிலே படக்காட்சிக்கு என்ன வேலையென வாசகர் சிலர் வினவக்கூடும். எட்டு நிமிடமே ஓடும் ஒரு படம், நாம் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் பேச அஞ்சியதைப் பேசிவிட்டது. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

'தந்தையும் மகளும்' என்பது அப்படத்தின் பெயர். ஒல்லாந்திலே பிறந்த மிக்கேல் டுடொக் டி விற் என்பவர் 2000ஆம் ஆண்டில் ஆக்கிய சித்திரப்படம். மறு ஆண்டு ஒஸ்கார் விருதும் பெற்றது. அதிலே ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தந்தையும் சிறுமகளும் துவிச்சக்கர வண்டிகளில் அணைக்கட்டின்மேல் வருகின்றனர். நமது வன்னிப் பிள்ளைகள் குளக்கட்டின்மேல் பாடசாலைக்குப் போவது போன்ற காட்சி. தந்தை மகளை அணைத்துவிட்டுக் கீழே இறங்குகின்றார். மீண்டும் ஓடிவந்து ஒருமுறை தூக்கி அணைக்கின்றார். பின்னர் வள்ளத்தில் ஏறித் துடுப்பு வலித்துப் போய்விடுகின்றார். ஏன் போனார், எங்கே போனார் என்று படம் சொல்வதில்லை. அவர் திரும்புவதுமில்லை.

மகள் மட்டும் அவ்விடத்துக்கு மீண்டும் மீண்டும் வருகின்றாள். காற்றிலும் மழையிலும் வருகின்றாள். குமரியாகித் தோழியரோடு வருகின்றாள். கணவனோடும் பிள்ளைகளோடும் வருகின்றாள். கிழவியாகித் தனியே வருகின்றாள். அப்பொழுது வண்டியை நிறுத்த முயல்கின்றாள்; அது விழுகின்றது; நிமிர்த்துகின்றாள்; மறுபடியும் விழுகின்றது. படத்தில் எவருடைய முகமும் தெளிவாகத் தீட்டப்படவில்லை. ஆயினும் அந்த வண்டி விழும் காட்சியிலே தெரியாத முகமும் தெரிந்துவிடுகின்றது. இறுதியில் நீர் வற்றிப் புல்வெளியாய்க் கிடக்கும் நிலத்தினூடே நடந்து, மணலிற் பாதி புதைந்த வள்ளத்தைக் கண்டு, அதனுள்ளே சுருண்டு படுக்கின்றாள். அதன்பின் நிகழ்வதை இங்கே எழுதோம். பார்க்கப்போகும் பிள்ளைகளின் உரிமை அது.

ஒல்லாந்தர் என்றதும் நம் நினைவில் வருவன கோட்டைகளும் தேசவழமையுமே. 1707ஆம் ஆண்டில் அவர்களது ஆட்சியிலே தொகுத்தெழுதப்பட்ட அத்தேசவழமை, தகப்பன் இறந்தாற் பிள்ளைகளின் சொத்து யார் பொறுப்பில் இருக்கவேண்டும் என விதிக்கின்றது. பிள்ளைகளின் துயரம் யார் பொறுப்பில் என்பதற்கு விதி இல்லை. சட்டத்தின் இயல்பு அவ்வளவே. அத்தொழிலால் உண்பவன் இதனைச் சொல்வதிலே வெட்கம் எதற்கு? 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டபோது, ஏழாண்டுகளாகச் செய்தி இல்லாத ஒருவன் உயிரோடிருக்கின்றான் என்பவரே அதனை நிரூபிக்கவேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற் போனவர்க்கு இறப்புப் பதிவு செய்ய இடமளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், ஆளைக் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வழங்க வழிசெய்தது. முன்னையதினும் அது நேர்மையானது என்பது எமது துணிபு. ஏனெனில் இறப்புப் படிவத்திலே திகதி கேட்பர், இடம் கேட்பர். அவ்விரண்டு கூடுகளின்முன் பேனாவைப் பிடித்தபடி எழுத மாட்டாது இருந்த கட்சிக்காரரை எத்தனையோ தடவை கண்டிருக்கின்றோம். ஒல்லாந்துச் சிறுமிக்கும் அத்திகதி தெரியாது. அவள் வாழ்நாள் முழுவதும் வந்து பார்த்தது அதனாலன்றோ?

சென்ற ஆண்டு வன்னியில் ஒரு வாசிகசாலையிலே இப்படத்தைக் காட்டினார்கள். சுவரிலே வெள்ளைச் சீலை, இரவல் வாங்கிய புறொஜெக்டர், முப்பது பிள்ளைகள், பின்வரிசையிலே வயலாற் கால் கழுவி வந்த பெற்றோர் சிலர். படம் முடிந்ததும் ஆசிரியர் ஒருவர், "இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது?" எனக் கேட்க எழுந்தார். வாசிகசாலைச் செயலாளர் கைகாட்டி அவரை இருத்திவிட்டார். அச்செயலாளருக்கு எமது நன்றி. அந்த அமைதியிலே ஒன்பது வயதளவான சிறுவன் ஒருவன் தாயைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அம்மப்பாவும் இப்பிடித்தானோ போனவர்?" தாய் சற்றே தாமதித்தாள். "ஓம் ராசா. வள்ளத்தில இல்லை. நடந்துதான் போனவர்." அதற்குமேல் அவன் கேட்கவில்லை. வீடு போகும் வழியிற் கேட்டிருப்பான்.

2009ஆம் ஆண்டிலும் அதற்கு முந்திய பதின்மங்களிலும் தந்தையரைத் தொலைத்த பிள்ளைகள் இன்று தாமே தாயும் தந்தையுமாகி விட்டனர் என்பதை நாம் அன்றே தெளிவாக உணர்ந்தோம். திரையிலே பிள்ளைகளோடு வந்து நீரைப் பார்த்து நிற்கும் பெண்ணின் வயதே அத்தாயின் வயதும்.

பிஞ்சு நெஞ்சுக்கு இறப்பைக் காட்டலாமோ என்று கேட்பவர் உளர். அவர்களில் வைத்தியரும் உளர். அவர்தம் அக்கறையை மதிக்கின்றோம். ஆனால் நம் முன்னோர் செய்தது என்ன? பாட்டனின் உடலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகளைப் பந்தம் பிடித்து நிற்கவைத்தார்கள். தீயைக் கையிற் கொடுத்து, இவர் போகின்றார், நீயும் வழியனுப்பு என்றார்கள். சாவை மறைக்கும் வழக்கம் நமதன்று. அது அண்மையிலே வந்து சேர்ந்தது. காணாமற் போனவர்க்கோ உடலுமில்லை, பிடிக்கப் பந்தமுமில்லை. அப்பிள்ளைகள் கையிலே கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கின்றது?

எல்லாப் படமும் எல்லா வயதினர்க்கும் ஆகா என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். அமெரிக்காவிலே 2020இல் வெளிவந்து மறு ஆண்டு ஒஸ்கார் விருது பெற்ற சித்திரப்படம் ஒன்றுண்டு. பாடசாலையிலே துப்பாக்கிச் சூட்டில் இறந்த மகளை நினைந்து, ஒருவரோடொருவர் பேச முடியாமற் போன பெற்றோரைப் பற்றியது. அருமையான படம், பெற்றோர் கட்டாயம் பார்க்கவேண்டியது. ஆனால் நாளைக் காலை பாடசாலைக்குப் போகவேண்டிய ஏழு வயதுப் பிள்ளைக்கு அதனைக் காட்டோம். யப்பானியரான குனியோ கட்டோ 2008இல் ஆக்கிய படம் அதற்கு உகந்தது. நீர்மட்டம் உயர உயரத் தன் வீட்டின்மேல் வீடு கட்டிக்கொண்டே போகும் கிழவர், தவறி விழுந்த புகைக்குழாயைத் தேடிச் சுழியோடிக் கீழே இறங்குகின்றார்; ஒவ்வொரு தட்டிலும் மனைவியோடும் மகளோடும் வாழ்ந்த நாட்கள் கிடக்கின்றன. 2004ஆம் ஆண்டுக் கடல்கோளிலே வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நமது இளைஞர்களும் குறும்படம் எடுக்கின்றனர். ஊக்கம் பெரிது, வாழ்த்துகின்றோம். ஆனால் அவற்றிற் பலவற்றிலே முதல் நிமிடத்திலிருந்தே வயலின் அழுகின்றது, தாய் அழுகின்றாள், பாத்திரங்கள் தம் துயரைத் தாமே விளக்கியுரைக்கின்றன. பார்ப்பவன் அழுவதற்கு இடமே இல்லை. ஒல்லாந்தர் படத்து வண்டி விழும் காட்சியை நம் இளைஞர்கள் பத்துமுறை பார்க்கவேண்டும்.

மேற்சொன்ன வாசிகசாலையினர் யப்பானியப் படத்தையும் காட்ட எண்ணியுள்ளனர். பெற்றோர் பிள்ளைகளோடு வந்து பக்கத்திலே இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. புறொஜெக்டரின் சொந்தக்காரர், அயற்கிராமச் சங்கங்கள் கேட்டாலும் தருவதற்கு இசைந்துள்ளார். கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவைக் கேட்பவரே ஏற்கவேண்டும்.