தரச்சான்றின் அளவுகோலில் தமிழ் எங்கே?

கல்லூரிகளின் தகவல் தொழில்நுட்பப் படிப்பை எடைபோட வருவோர் எவற்றை எண்ணுகின்றனர்? ஆய்வகத்திலுள்ள கணினிகளை எண்ணுகின்றனர். ஆசிரியர் பெற்ற பட்டங்களையும் எழுதிய ஆய்வுரைகளையும் எண்ணுகின்றனர். தேர்ச்சி பெற்றோரையும் வேலையிற் சேர்ந்தோரையும் எண்ணுகின்றனர். எண்ணட்டும், அவை எண்ணத் தக்கவையே. ஆனால், அப்படிப்பை முடித்து வெளிவரும் இளைஞன் தன் ஊர் மக்களின் மொழியில் கணினியை இயக்க வல்லவனா என்பதை மட்டும் ஏன் எண்ணுவதில்லை?

பல்கலைக்கழக நல்கைக் குழு 1994-ஆம் ஆண்டில் நிறுவிய 'நாக்' என்னும் மதிப்பீட்டுக் குழு, கல்லூரியை முழுமையாக அளக்கிறது. அதே ஆண்டில் தோன்றி 2010-இல் தன்னாட்சி பெற்ற நாட்டுத் தரச்சான்று வாரியம், தொழிற்கல்விப் படிப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கிறது. 2014-இல் இந்தியா வாசிங்டன் உடன்பாட்டின் நிலையான உறுப்பு நாடாகியதால், இவ்வாரியத்தின் முதல் அடுக்குச் சான்று பெற்ற பொறியியற் படிப்பைப் பிற உறுப்பு நாடுகளும் ஏற்கின்றன.

இதைக் காட்டியே, "உலகத் தரம் வேண்டுமாயின் ஆங்கிலமே வேண்டும்" என்று அச்சுறுத்துவோர் உளர். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதே உடன்பாட்டில் 2005-இல் சப்பானும், 2007-இல் கொரியாவும், 2016-இல் சீனமும் சேர்ந்தன. தம் மொழியைக் கைகழுவிவிட்டா அவை சேர்ந்தன? தம் மொழியிற் பொறியியல் பயிற்றும் நாடுகளாகவே தலைநிமிர்ந்து உள்ளே சென்றன. அதுமட்டுமன்று. 2021-இல் திருத்தப்பெற்ற அனைத்துலக அளவுகோல், பட்டம் பெறுவோன் பொறியாளரோடு மட்டுமன்றிப் பொதுமக்களோடும், அவர்தம் மொழி வேறுபாட்டைக் கருத்திற் கொண்டு, தெளிவுறக் கருத்துரைக்க வல்லவனாதல் வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது அளவுகோலன்று. அதைக் கையிலேந்தி நிற்பவரின் அடிமை மனமே.

திருச்சிராப்பள்ளியைப் பாருங்கள். 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரி இங்கே தோன்றி, 2003-இல் நாட்டுத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. 1982-இல் பாவேந்தர் பெயராற் பல்கலைக்கழகம் எழுந்தது. 2013-இல் தகவல் தொழில்நுட்பத்திற்கெனவே தனிக்கழகமும் வந்தது. இத்தனை இருந்தும், இலால்குடியிலும் மண்ணச்சநல்லூரிலும் மேனிலை வகுப்பிற் கணினி அறிவியலைத் தமிழிற் பயின்ற மாணவன், கொள்ளிடத்தையும் திருவரங்கத்தையும் காவிரியையும் கடந்து கல்லூரி வாயிலை மிதித்ததும், கற்றதை வேற்று மொழியில் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்கிறான். அவன் வழியிற் கடந்த அரங்கத்துக் கோயிற் சுவர்களில், கொடைகளையும் கணக்குகளையும் அன்றைய ஆட்சியர் தமிழிற் பொறித்து வைத்தனர். கல்லிற் கணக்கெழுதிய மொழி கணினியில் எழுதத் தகாததா?

தமிழைக் கணினியிற் கையாள்வது தனியறிவு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று; ஒருங்குறியிலோ அது ஐந்து குறியீடுகள். இதை அறியாதவன் எழுதும் நிரல் தமிழ்ச் சொல்லைத் தவறாக எண்ணும், நடுவே வெட்டும். மின்சேவை நடுவத்தில் வரிசையில் நிற்கும் உழவரின் பெயர் சிதைவது இத்தகைய அறியாமையாலன்றோ?

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இற் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழிற் பயிற்றத் தொடங்கியது. தகவல் தொழில்நுட்பத்தை அன்று சேர்க்கவில்லை. 2022-இல் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் பாடத்தைப் பொறியியல் மாணவர் அனைவர்க்கும் வைத்து, அதிற் கணித்தமிழுக்கும் ஓர் அலகு தந்தது. கதவு சிறிதே திறந்திருக்கிறது. ஆயின் ஓர் அலகைப் படித்துத் தேர்வெழுதுவது வேறு. தமிழில் இயங்கும் மென்பொருளைக் கையாற் செய்து பழகுவது வேறு.

இதற்குத் தில்லியின் இசைவை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பொதுவான பயன்களோடு, தன் படிப்பிற்கே உரிய சிறப்புப் பயன்கள் சிலவற்றை ஒவ்வொரு துறையும் தானே வகுத்துக்கொள்ளத் தரச்சான்று வாரியம் இடந்தருகிறது. அவற்றுள் ஒன்றாகத் 'தமிழிற் கணினிப் பணியாற்றும் திறன்' என எழுதத் திருச்சிராப்பள்ளித் துறைத்தலைவர்க்குத் தடை யாது? எழுதிவிட்டால், அதை அடைந்தமைக்குச் சான்று காட்டும் கடமையும் துறைக்கு வந்துசேரும். இறுதியாண்டுத் திட்டப்பணிகளுள் ஒருபகுதி தமிழில் இயங்கட்டும். அதன் கையேடு தமிழில் அமையட்டும். நேர்முகத்தேர்வில் ஒரு வினாவிற்கேனும் மாணவன் தமிழில் விடை கூறட்டும்.

பெற்றோரே! கல்லூரி வாயிலில் தொங்கும் தரச்சான்றுப் பலகையைக் கண்டு மயங்காதீர். "உங்கள் துறை வகுத்த சிறப்புப் பயன்களில் தமிழ் உண்டா?" என்று சேர்க்கை நாளிலேயே கேளுங்கள். ஆண்டுதோறும் ஆயிரம் பெற்றோர் கேட்பின், கேளாச் செவியும் கேட்கும். தமிழ்மக்களுக்குப் பணிசெய்யத் தெரியாத படிப்பிற்கு எந்த நாடு சான்றளித்தாலும், தமிழ்நாடு அதைத் தரமென ஏற்றல் ஆகாது.