தறிக்காலில் ஒரு நடைவண்டி

"பொம்பளை கையில உளியா?" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கொல்லைப்புறத்தில் இழைப்புளியோடு உட்காருவது எனக்கு இரண்டு வருஷப் பழக்கம். மணைக்கட்டையில் ஆரம்பித்தது. எங்கள் சேலம் மாவட்டத்திலேயே தம்மம்பட்டியில் சாமி சிலையும் வாகனமும் மரத்தில் செதுக்குகிறார்கள். அந்தக் கைநயம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. கோணாமல் அறுக்க வந்தால் போதும்!

போன மாதம் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். பேரனுக்குப் பத்து மாதம். சுவரைப் பிடித்து நிற்கிறான். உட்கார வைக்கும் பிளாஸ்டிக் வாக்கர் வாங்கப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அதில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் உந்திக்கொண்டு, நாம் திரும்புவதற்குள் வாசற்படிக்கோ அடுப்படிக்கோ போய்விடும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நடைவண்டி என்றால் குழந்தை தன் காலில் நின்று தள்ள வேண்டும். அதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும், அது வேறு விஷயம்.

மரத்துக்கு எங்கே போவது? பின்கட்டில் மாமனாரின் கைத்தறியைப் பிரித்துச் சாத்தியிருந்தது. விற்றுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் மாமியார் பேச்சை மாற்றிவிடுவார். நான் தயங்கித் தயங்கி, "அத்தை, ஒரு தறிக்கால் எடுத்துக்கட்டுங்களா?" என்றேன். பதில் இல்லை. மறுநாள் காலையில் ஒரு கால், தூசி துடைத்து, திண்ணையில் கிடந்தது.

நல்ல வேம்பு. பழைய மரத்தில் ஒரு சௌகரியம், ஈரமெல்லாம் எப்போதோ காய்ந்திருக்கும். பச்சை மரம் காயக் காயக் குறுக்குவாட்டில் சுருங்கும். துளையில் இறுக்கமாகப் பொருத்திய நாக்கு பிறகு ஆட ஆரம்பிக்கும். சங்கடமும் உண்டு. உள்ளே ஒளிந்திருந்த ஆணியைக் கவனிக்காமல் இழைத்து, தகட்டின் முனையை உடைத்துக்கொண்டேன். இழைக்கும் முன் விரலால் தடவி, ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்கிறது. குழந்தைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

முதல் தடவை கைப்பிடியைப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே வைத்துவிட்டேன். பேரன் பிடித்துத் தொங்கினதும் வண்டி பின்பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, மகள் பிடித்துக்கொண்டாள். அவள் பார்த்த பார்வையில் வாக்கர் ஞாபகம் தெரிந்தது! கைப்பிடியைக் கழற்றி நாலு விரற்கடை முன்னால் தள்ளி, முன்சக்கரத்துக்கு மேல் கனமான கட்டை ஒன்றை அடித்தேன். அப்புறம் நானே அழுத்திப் பார்த்தேன், சாயவில்லை. விளிம்பையெல்லாம் உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்தேன். பெயின்ட் அடிக்கவில்லை. பல் முளைக்கிற பிள்ளை, கைப்பிடியைக் கடிக்காமல் இருப்பானா?

தேய்த்துக்கொண்டிருக்கும்போது அத்தை வந்து குனிந்து பார்த்தார். "இந்த இடம் பள்ளமா இருக்குதில்ல, உங்க மாமா கைபட்டுத் தேஞ்சது. அதை இழைச்சுடாத கண்ணு" என்றார்.

அதை அப்படியே விட்டுக் கைப்பிடியாக்கினேன். சக்கரம் மட்டும் இன்னும் கீச்கீச்சென்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அச்சில் மெழுகு தேய்க்க வேண்டும்.