ஆட்டக்காரனுக்குக் கல்லூரி இலவசமா?

களக்காட்டைச் சுற்றிய ஊர்களில் கோயில் கொடையை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டியில் நன்றாக ரைடு போகிற பையன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டால், 'அவனுக்கென்ன கவலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எந்தக் கல்லூரியும் சும்மா சேர்த்துக்கொள்ளும். பெரிய டீம் உள்ள இடமாகப் பார்த்துப் போடுங்கள், படிப்பு எதுவானால் என்ன' என்று அவன் பெற்றோருக்கு யோசனை சொல்லப் பலர் வந்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்ததே எனினும், இந்த அபிப்பிராயம் ஆரம்பம் முதல் இறுதிவரை தவறானது.

சும்மா என்பதை முதலில் பார்ப்போம். பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இரண்டின் கட்டணத்துக்கும் பெருத்த வித்தியாசம் உண்டாதலால், எந்தப் பிரிவில் இடம் என்று கேளாமல் சந்தோஷப்படுவதற்கில்லை. கல்விக் கட்டணத்தை நிர்வாகம் தள்ளுபடி செய்தாலும், விடியுமுன் மைதானத்தில் நிற்க வேண்டியவன் களக்காட்டிலிருந்து சேரன்மகாதேவி வழியாகத் தினமும் பஸ் ஏறி வருவது சாத்தியமில்லை. ஆகவே எந்த விளையாட்டுக்காகச் சலுகை கிடைத்ததோ அந்த விளையாட்டே விடுதிச் செலவையும் மெஸ் பில்லையும் அவன் தலையில் ஏற்றிவிடுகிறது. மேட் ஷூவும் தேர்வுக் கட்டணமும் தனி.

கோட்டாவின் அளவும் பலருக்குத் தெரிவதில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ளவை மாநிலம் முழுமைக்கும், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, 500 இடங்கள்தாம்; கொடையில் வாங்கிய சுழற்கோப்பை அங்கே செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழே செல்லும். அந்த இடமும் சேர்க்கையைத் தருமேயன்றிப் பணத்தைத் தராது. மாறாக, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவனுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் வழியே கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான உபகாரம் செய்வது அவர்கள் ஆடிய ஆட்டமன்று, அவர்கள் படித்த பள்ளி என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய டீம் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. களத்தில் நிற்பவர் ஏழு பேர். புகழ்பெற்ற அணியில் மூன்று வருஷம் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆட்டமும் வளராது, சான்றிதழும் சேராது. பல்கலைக்கழக அணியையோ, இணைவுபெற்ற கல்லூரிகளின் இடையே நடக்கும் போட்டிகளில் ஆடுவோரிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள்; சிறிய கல்லூரியின் சார்பில் ஒவ்வொரு ஆட்டமும் ஆடுகிற பையனும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சட்டையை அணிந்து தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம்.

'படிப்பு எதற்கு, மணத்தி கணேசன் கபடியாலேயே உயரவில்லையா' என்பார்கள். 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். தாமிரபரணிக் கரையின் பெருமை அவர். ஆனால் தேசிய அணியில் இடம் பெறுவோர் சிலரே. முழங்காலில் தசைநார் அறுந்து இருபது வயதில் வீடு திரும்புகிறவனுக்கு அந்த உதாரணம் ஓர் ஆறுதலும் தராது. விளையாட்டையே ஜீவனமாகக் கொண்டு உடற்கல்வி ஆசிரியராக விரும்பினாலும், பி.பி.எட். சேர முதலில் ஒரு பட்டம் வேண்டும். 1920-இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியானாலும் விதி அதுதான்.

எனவே, பையனுக்கு விருப்பமான பாடத்தை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதன்பின் கல்லூரி அலுவலகத்தில் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும்: சேர்ப்பது எந்தப் பிரிவில், தள்ளுபடியாவது எந்தெந்தக் கட்டணம், போட்டிக்காகத் தவறும் வகுப்புகளுக்கு வருகைப்பதிவு உண்டா, காயத்தால் ஒரு வருஷம் ஆட முடியாது போனால் சலுகை நீடிக்குமா. கடைசிக் கேள்விக்கு எழுத்து மூலம் பதில் தர மறுக்கிற கல்லூரியை, அதன் அணி எவ்வளவு கோப்பைகளை வென்றிருந்தாலும், பெற்றோர் விட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி.