தேய்ந்த மூட்டை வளர்க்கும் ஊசி இல்லை

“ஊசி போட்டால் ஜவ்வு வளர்ந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம்.” முழங்கால் தேய்மான வலியால் அவதிப்படுபவர்களிடம் இப்படித்தான் சொல்லப்படுகிறது. படியேற முடியாமல் தவிப்பவர் இதை நம்பிக் கடன் வாங்கியாவது போட்டுக்கொள்வார். அதனால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசியை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். வீங்கி, சூடேறி, மடக்கவே முடியாத முழங்காலுக்கு அது சில வாரம் நிம்மதி தரும். ஆனால் வலி குறைவது வேறு, தேய்மானம் நிற்பது வேறு. பாஸ்டனில் 140 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு. மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ஜவ்வு எனப்படும் குருத்தெலும்போ ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத்தான் அதிகம் தேய்ந்திருந்தது. சர்க்கரை நோயாளிக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஜெல் (ஹைலூரோனிக் அமிலம்) ஊசி மூட்டுக்கு எண்ணெய் விடுவது மாதிரி என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கதவுக் கீலுக்குப் பொருந்துவது உயிருள்ள மூட்டுக்குப் பொருந்தவில்லை. சுமார் 9,000 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வுகளை 2022இல் தொகுத்துப் பார்த்தார்கள். நூறு புள்ளி வலி அளவில் போலி ஊசியைவிட ஜெல் குறைத்தது வெறும் 2 புள்ளி. நோயாளியால் அதை உணரக்கூட முடியாது.

“பிஆர்பி நம்ம சொந்த ரத்தம்தானே?” ஆமாம், நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்தெடுத்துப் போடும் ஊசி அது. ஆனால் சொந்தம் என்பதாலேயே அது மருந்தாகிவிடாது. ஆஸ்திரேலியாவில் 288 பேரை இரண்டாகப் பிரித்து, பிஆர்பியோ உப்புநீரோ வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு ஒரு வருடம் கவனித்தார்கள். வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, உப்புநீரை அது மிஞ்சவில்லை.

“எனக்குக் கேட்டதே!” என்பவர் பொய் சொல்லவில்லை. தேய்மான வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். அது தானாகத் தணியும்போது பெயர் ஊசிக்குப் போகிறது. உப்புநீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்ததே!

எனக்கு மனசே ஆறாத விஷயம், ஊசியை விட்டால் ஆபரேஷன்தான் என்ற மிரட்டல். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பிரிவுக்கு பிசியோதெரபியும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களே வலி குறைந்து நன்றாக நடமாடினார்கள். 2020இல் வந்த முடிவு இது. உதாரணத்துக்கு ஒரு பயிற்சி: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடைத் தசை இறுகும்படி ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்தி விட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பெரும்பாலும் முதலில் சொல்லித்தரும் பயிற்சி இதுதான். தொடைத் தசை வலுத்தால் வலி குறையும். உடல் எடை குறைந்தால் இன்னும் குறையும். இவ்வளவு செய்தும் ராத்திரி தூங்கவிடாமல் வலித்தால், எலும்போடு எலும்பு உரசும் நிலை வந்திருந்தால், மூட்டு மாற்று சிகிச்சை பற்றி எலும்பு டாக்டரிடம் பேசலாம். அதைத் தள்ளிப்போட ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது.